நாற்பத்தொரு கற்குவியல்

"எங்கே குடியேறினால் சாகாமல் இருக்கலாம்?"

கதவு முழுதாகத் திறப்பதற்குள் கேட்டுவிட்டாள் பொற்கொடி. கேள்வியை மடித்துக் கொடுக்க அவளுக்கு நேரம் இல்லை.

உள்ளே நின்றவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் ஒரு சாண் பனி. கையில் விளக்கு. இடுப்பில் கத்தி.

"கதவச் சாத்து கண்ணு. சூடெல்லாம் போகுது."

சாத்தினாள்.

"இப்பக் கேளு."

"அதான் கேட்டேனே."

"அது குளிர்ல கேட்டது. நெருப்புக்கிட்ட உக்காந்து கேளு. வேற கேள்வியா இருந்தாலும் இருக்கும்."

பொற்கொடி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அதே கேள்வியை அதே வேகத்தில் கேட்டாள்.

அவர் சிரித்தார்.

*

அந்தக் குளிர், அந்த நெருப்பு, அந்தக் குடிசை எல்லாமே கணினித் திரைக்குள் இருந்தவை. விளையாட்டின் பெயர் பனிவனம்.

பொற்கொடி உண்மையில் உட்கார்ந்திருந்தது பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில். ஜன்னலோரம், மூன்றாவது நாற்காலி. காதில் ஹெட்செட். வெளியே சித்திரை வெயில். தலைக்கு மேலே மின்விசிறி இருந்த அனலைக் கிளறிக்கொண்டிருந்தது.

குடிசைக்காரர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பனிவனத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் பழையசோறு. ஆயிரத்து இருநூற்று ஆறு பனிவனத்து நாட்களாகச் சாகாமல் இருப்பவர். அந்த உலகத்தில் வேறு யாரும் முந்நூறைத் தாண்டியதில்லை. அதனால் எல்லோரும் அவரை குரு என்றார்கள். குரல் மட்டும் வரும். பெண் குரல். பின்னணியில் சில நேரம் குக்கர் சத்தம் வரும்.

"குருவே..."

"அதெல்லாம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடு. மூணு விசில் வரைக்கும்தான் நான் இங்க இருப்பேன். சொல்லு."

*

பொற்கொடி சொன்னாள். அவள் சொன்னால் அது எப்போதும் வாதமாகத்தான் வரும்.

"திங்கக்கிழமை போட்டி ஆரம்பிக்குதுக்கா. நாலு டீம். நாலு நிலம். ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும், எடுத்த எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லாரும் வெறுங்கையோட ஆரம்பிக்கணும். பனிவனத்துக் கணக்குல அறுபது நாள். கடைசி வரைக்கும் எந்த டீம்ல ஆள் உயிரோட இருக்கோ அது ஜெயிக்கும்."

"சரி."

"மூணு டீம் பசங்க. ஒரு டீம் நாங்க. போன வருஷம் நாலாம் நாளே போய்ட்டோம். அதுக்கு முந்தின வருஷம் ஆறாம் நாள். இந்தத் தடவையும் நாங்கதான் முதல்ல போனோம்னா அடுத்த வருஷத்துலேர்ந்து லேடீஸ் டீமே கிடையாதுன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. ஆர்வம் இல்லையாம். எங்களுக்கு!"

"ம்."

"சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. முதல் தேர்வு எங்களுக்கு விழுந்துச்சு. அது விழுந்த நேரத்துலேர்ந்து தினகர் வாசல்லயே நிக்கிறான். பெரிய டீமோட கேப்டன். 'நீங்க எதை எடுத்தாலும் ஒண்ணுதான் மேடம், எங்களுக்கு மாத்திக் குடுத்துடுங்க, டீமுக்கே பிரியாணி'ங்கிறான்."

"நீ என்ன சொன்னே?"

"பிரியாணிய நாங்களே வாங்கிக்குவோம்னு சொன்னேன்."

குக்கர் முதல் விசில் அடித்தது.

*

"உனக்கு எந்த ஊரு?" என்றார் பழையசோறு.

"விளாத்திகுளம் பக்கம்."

"அது இருக்கட்டும். இங்க எந்த ஊரு?"

"இங்க எனக்கு ஏதுக்கா ஊரு? ஊர் தேடித்தானே இந்த மலை ஏறி வந்திருக்கேன்."

"ம்."

அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று நின்று யோசிக்கிற பெண் இல்லை பொற்கொடி. அவள் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு முதுகலை; இளங்கலையும் இங்கேயேதான் படித்தாள். கையில் ஓர் அட்டவணை வைத்திருந்தாள்.

"பன்னெண்டு விஷயம் எடுத்து மார்க் போட்டிருக்கேன். தண்ணி, விறகு, மீன், மான், ஓநாய், காத்து, கூரை, இப்படி. ஆத்துப் பள்ளத்தாக்கு தொண்ணூத்தொண்ணு. மீனவர் துறை எழுபத்தெட்டு. ஊசியிலைக் காடு எழுபத்திநாலு."

"நாலு நிலம்னு சொன்னே."

"நாலாவது சதுப்பு. அதை விடுங்க. பன்னெண்டு மார்க்."

"அதுமேல என்ன கோவம்?"

"கோவம் இல்லக்கா, அனுபவம். நாங்க நாலு பேரும் சேர்ந்து இந்த வருஷம் மட்டும் அங்க நாப்பத்தோரு தடவை செத்திருக்கோம்."

நெருப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவைத்தார் பழையசோறு.

"பள்ளத்தாக்குல எத்தனை தடவை செத்தீங்க?"

"அங்க எங்க சாகறது? ரெண்டே ரெண்டு தடவைதான் போய்ச் சேர்ந்தோம். ரெண்டு தடவையும் ஒரு ராத்திரி தங்கினோம், அவ்வளவுதான்."

"அப்ப தொண்ணூத்தொண்ணு யாரு குடுத்தது?"

"பசங்க போட்ட வீடியோவெல்லாம் பார்த்துக் கணக்கு எடுத்தேன். மொத்தம் அறுபத்திமூணு வீடியோ."

இரண்டாவது விசில்.

*

பனிவனத்தில் சாவது எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

போட்டியில் செத்தால் ஆட்டம் முடிந்தது; மற்ற நாட்களில் செத்தவர் நிரந்தரமாகச் சாவதில்லை. உடைந்த கப்பல் கிடக்கும் கரையில், வெறுங்கையோடு கண் விழிப்பார். அவர் விழுந்த இடத்தில் ஒரு கற்குவியல் முளைக்கும். அதில் அவர் பெயர் இருக்கும். விழும்போது கையிலும் இடுப்பிலும் முதுகிலும் என்ன இருந்ததோ அது அடியில் கிடக்கும். அவரோ அவருடைய அணியினரோ தவிர வேறு யாராலும் அந்தக் கல்லை அசைக்க முடியாது. பொருளை எடுத்துக்கொண்ட பின்பும் கல் அங்கேயே நிற்கும்.

விளையாட்டை மூடினால் ஆள் இருந்த இடத்திலேயே தூங்கிப்போவார். கூரைக்குக் கீழே தூங்கினால் பிழைத்தார். வெட்டவெளியில் தூங்கினால் ஓநாய்.

கரையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இரண்டு வழி. கடலோரமாகச் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம். சதுப்பைக் குறுக்கே வெட்டினால் ஒன்றரை மணி நேரம்.

"நீங்க ஏன் சுத்திப் போகல?" என்றார் பழையசோறு.

பொற்கொடிக்குக் காது சிவந்தது. இதைத்தான் அவள் மூன்று வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எங்க ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்குப் பூட்டிடுவாங்கக்கா. ஹாஸ்டலுக்குள்ள இன்டர்நெட் கிடையாது, கவனம் சிதறுமாம். கிளாஸ் முடிஞ்சு லேபுக்கு வந்தா நாலு மணி. ஆறு மணிக்குக் கெளம்பணும். ரெண்டு மணி நேரத்துல ஒரு கூரை பிடிச்சாகணும். சுத்திப் போறதுக்கு எங்க இருக்கு மூணு மணி நேரம்? பசங்களுக்கு என்ன, ஹாஸ்டல்ல கேட் இருக்கு, பூட்டு இல்ல. விடிய விடிய நடக்கறானுங்க. போட்டி மட்டும் எல்லாருக்கும் நாலுலேர்ந்து ஆறு வரைக்குமாம். சமநீதியாம்! பழகறதுல எங்க போச்சு இந்த நீதி?"

"அதனால குறுக்கால ஓடினீங்க."

"ஓடினோம். விழுந்தோம். மறுபடி கரையில எந்திரிச்சோம். மறுபடி ஓடினோம். கொண்டுபோனதை ஒருதடவைகூடத் திரும்பி எடுக்க நேரம் இருந்ததில்ல. இப்ப அந்தச் சதுப்பு பூரா எங்க பேரு எழுதின கல்லு. பசங்க அதுக்குப் பேரே மாத்திட்டானுங்க."

"என்னன்னு?"

சொல்ல வாய் கூசியது. சொன்னாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்."

பழையசோறு சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பொற்கொடிக்குப் பிடித்துப்போனது.

*

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்க்கா. முதல் தேர்வு ஒருதடவைதான் கெடைக்கும். தப்பாப் போயிடக் கூடாது. தொண்ணூத்தொண்ணு எனக்குப் போதாது, நூறு வேணும். நீங்க 'பள்ளத்தாக்கு சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நூறு ஆயிடும்."

"இந்த மலைக்கு எத்தனை மார்க்கு போட்டே?"

"எந்த மலை?"

"இப்ப நீ உக்காந்திருக்கற மலை."

பொற்கொடி தயங்கினாள். போட்டியில் இல்லாத நிலம்தான். ஆனால் விட்டுப்போகக் கூடாதென்று அதற்கும் போட்டிருந்தாள்.

"நாலு."

"நூத்துக்கா?"

"நூத்துக்கு."

"அந்த நாலு எதுக்கு?"

"பார்க்கறதுக்கு நல்லா இருக்குக்கா."

இந்த முறை அவர் நன்றாகவே சிரித்தார். ஹெட்செட் அதிர்ந்தது.

"மொட்டைப் பாறை," என்றாள் பொற்கொடி. ஆரம்பித்துவிட்டால் அவளால் நிறுத்த முடியாது. "மரம் இல்ல. தண்ணி இல்ல. காத்து ஆளையே தூக்குது. ஏறி வர எனக்கு ஒரு மணி அஞ்சு நிமிஷம் ஆச்சு. வாசல்ல ஒரு வேலி போட்டிருக்கீங்க, அதுகூட நேரா இல்ல. மேடும் பள்ளமுமா பனி மூடிக் கெடக்கு. உலகத்துலயே மோசமான இடத்துல ஆயிரத்து இருநூறு நாள் உக்காந்திருக்கீங்க. இது திறமை, ஒத்துக்கறேன். ஆனா நீங்க பள்ளத்தாக்குல இருந்திருந்தா மூவாயிரம் நாள் இருந்திருப்பீங்க."

"அது வேலி இல்ல கண்ணு."

மூன்றாவது விசில்.

"இங்கயே ஓரமாப் படுத்துக்கோ. நாளைக்கு நல்ல இடம் எதுன்னு காட்டறேன்."

குரல் நின்றுவிட்டது. பழையசோற்றின் உருவம் நெருப்பருகே சுருண்டு தூங்கியது.

ஆறு மணி. பொற்கொடி ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"என்னடி சொல்லுச்சு குரு?" என்றாள் பக்கத்து நாற்காலி மெஹ்ராஜ். அணியில் பொற்கொடிக்கு அடுத்த ஆள் அவள்தான்.

"எந்த ஊருன்னு கேட்டுச்சு."

"பெண் பார்க்க வந்துச்சா?"

*

மறுநாள் வியாழன். நாலு மணி ஒரு நிமிடம்.

"நல்ல இடத்தைக் காட்டறேன்னு சொன்னீங்கக்கா."

"ஆமா. வெளிய போய் நில்லு. நான் வர்றேன்."

பொற்கொடி விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காற்று முகத்தில் அறைந்தது. எட்டு அடி நடந்து திரும்பிப் பார்த்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

காற்று.

"அக்கா, கதவு மூடிக்கிச்சு."

"நான்தான் மூடினேன்."

"எதுக்கு?"

திரையின் ஓரத்தில் உடல் வெப்பம் என்று ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது இறங்க ஆரம்பித்தது.

"இது என்ன அநியாயம்? நான் உங்களை நம்பித்தானே வந்தேன்? ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லணும், இல்ல தெரியாதுன்னு சொல்லணும். இப்படியா? கதவைத் திறங்க!"

கோடு பாதிக்கு வந்தது. அவள் இடப்பக்கம் ஓடினாள். அங்கே காற்று இன்னும் கடுமை. வலப்பக்கம் திரும்பினாள். ஒரு பனிமேட்டின் மறைவில் கோடு ஒரு நொடி நின்றது. அது என்னவென்று பார்ப்பதற்குள் மறுபடி ஓடிவந்து கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு எட்டு பின்னால் தள்ளாடினாள்.

கோடு அணைந்தது.

திரை வெள்ளையானது.

"செத்துட்டேன்!" என்று ஆய்வகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் பொற்கொடி. "கொன்னுடுச்சு! குரு என்னைக் கொன்னுடுச்சு!"

மெஹ்ராஜ் எட்டிப் பார்த்தாள். "ஆயிரத்து இருநூறு நாள் எப்படி இருந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது. வர்றவங்களையெல்லாம் போட்டுத் தள்ளிட்டு இருந்திருக்கு."

*

உடைந்த கப்பல். கரை. வெறுங்கை.

மணி நாலு பத்து.

எந்த மனுஷியும் இந்த இடத்தில் விளையாட்டை மூடிவிட்டுப் போயிருப்பாள். பொற்கொடி மூடவில்லை. அவளுக்கு ஒரு வாதம் மிச்சம் இருந்தது, அதை நேரில் சொல்லாமல் தூங்க முடியாது. தவிர, அந்தக் கத்தியும் விளக்கும் நாற்பது நாள் சேர்த்தவை.

ஏறினாள்.

நேற்று முதல் வளைவில் வழி தவறி இருபது நிமிடம் சுற்றியிருந்தாள். இன்று அந்த வளைவைப் பார்க்கக்கூட இல்லை, கால் தானாகத் திரும்பியது. இரண்டாவது ஏற்றத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும், அதற்கு முன்பே பாறைப் பக்கம் ஒதுங்கினாள். உச்சிக்குக் கீழே பனி இளகியிருக்கும் இடம் தெரியும், தாண்டினாள். ஏறும்போது முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டு முடிவதற்குள் உச்சி வந்துவிட்டது.

மணி நாலு நாற்பது.

மறைவு கொடுத்த அந்தப் பனிமேடு நினைவிருந்தது. அதன் பின்னால் போய் நின்றாள். சிவப்புக் கோடு நின்றது.

அங்கிருந்து பார்த்தால் அவளுடைய கற்குவியல் தெரிந்தது. கதவுக்கு இரண்டு எட்டு இந்தப் பக்கம். இப்போதுதான் முளைத்தது, இன்னும் பனி மூடவில்லை. கல்லில் பெயர் பளிச்சென்று இருந்தது. பொற்கொடி.

ஓடிப்போய்க் கல்லைப் புரட்டினாள். கத்தி இருந்தது. விளக்கு இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு குறையவில்லை.

எடுத்துக்கொண்டு மறைவுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா," என்றாள். "முப்பது நிமிஷத்துல வந்துட்டேன்."

"நேத்து எவ்வளவு?" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஒரு மணி அஞ்சு நிமிஷம்."

"மலை சின்னதாயிடுச்சா?"

"கதவைத் திறங்க. எனக்கு உங்ககிட்ட சண்டை போடணும்."

"போடலாம். நீ எதுமேல சாஞ்சு நிக்கற?"

"உங்க வேலி மேல."

"வேலி இல்லன்னு நேத்தே சொன்னேன்."

பொற்கொடி திரும்பினாள். இடுப்புயரத்துக்குப் பனி மூடிய மேடு. கையால் துடைத்தாள். உள்ளே கல்.

கல்லில் பெயர்.

பழையசோறு.

அடுத்த மேட்டைத் துடைத்தாள். பழையசோறு.

அதற்கடுத்தது. பழையசோறு.

கதவுக்கு இடப்பக்கம். குடிசைக்குப் பின்னால். காற்று மோதும் ஒவ்வொரு திசையிலும் ஒன்று. துடைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றின் மறைவிலும் சிவப்புக் கோடு நின்றது. அவற்றுக்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் காற்றே இல்லை. குடிசை அங்கே இருந்தது.

இருபத்தொன்பது வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ணவில்லை.

"அக்கா," என்றாள். குரலில் சண்டை காணாமல் போயிருந்தது. "இதெல்லாம் எப்ப?"

"அப்ப கதவே இல்ல கண்ணு."

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு திறந்தது. நெருப்பு வெளிச்சம் பனியில் விழுந்தது.

பொற்கொடி உள்ளே போகவில்லை.

ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"மெஹ்ராஜ். சதுப்புல நீ முதல் தடவை எங்க விழுந்தே?"

மெஹ்ராஜ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பட்ட மரம். இடது பக்கம் மூணு எட்டு. கையில கோடாலி இருந்துச்சு. புதுக் கோடாலிடி, பாவி மக, ஒரு வெட்டுக்கூட வெட்டல."

"ரெண்டாவது?"

"பெரிய நாணல் புதர். அதுக்கு இந்தப் பக்கம் தரை கெட்டி, அந்தப் பக்கம் தொப்புன்னு உள்ள போயிடும். தீப்பெட்டி மூணு. கருவாடு ஒரு கட்டு. ஏன்?"

"மூணாவது?"

இப்போதுதான் மெஹ்ராஜ் திரும்பினாள். அவள் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"பொற்கொடி," என்றாள் மெதுவாக. "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குடி."

*

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கருத்தரங்கக் கூடம். நாலு அணிகள், நாலு வரிசை.

ஒருங்கிணைப்பாளர் விதிகளை வாசித்தார். வெறுங்கை. எல்லை. அறுபது நாள். மூன்று மாதமாக எல்லோரும் பழகிய அதே உலகத்தில்தான் போட்டி.

"சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

பொற்கொடி எழுந்தாள். கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. அவள் எழுந்தால் கூட்டம் நேரத்துக்கு முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சார், அதே உலகம்னா அதுல இருக்கிற எதையும் அழிக்க மாட்டீங்க இல்லையா? மரம், குடிசை, கல்லு?"

"அதை ஏம்மா அழிக்கணும்? இருக்கறது இருக்கும். எல்லாருக்கும் பொது."

"எல்லாருக்கும் பொதுன்னு விதியில எழுதிக்கங்க சார். இருக்கறது இருக்கும்னும் எழுதிக்கங்க."

"எழுதிக்கங்க சார்," என்றான் முன்வரிசையிலிருந்து தினகர். "இல்லன்னா ஹைகோர்ட் போயிடுவாங்க."

சிரிப்பு. ஒருங்கிணைப்பாளர் எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

"எங்க டீம் பேர்ல அந்த உலகத்துல ஒரு கல்லுகூடக் கிடையாது சார்," என்றான் தினகர், பின்னால் திரும்பிப் பெண்களைப் பார்த்தபடி. "அதையும் எழுதிக்கங்க. ரெக்கார்டுக்கு."

"அதையும் எழுதிக்கங்க சார்," என்றாள் பொற்கொடி. "அவசியம் எழுதிக்கங்க."

தினகரின் சிரிப்பு ஒரு கணம் தடுக்கியது. பிறகு நேரானது.

"முதல் தேர்வு, பெண்கள் அணி," என்றார் ஒருங்கிணைப்பாளர். பேனாவைப் பள்ளத்தாக்கு என்ற கட்டத்துக்கு நேரே கொண்டுபோய்த் தயாராக வைத்துக்கொண்டார்.

"சதுப்பு," என்றாள் பொற்கொடி.

பேனா நின்றது.

"என்னம்மா?"

"சதுப்பு சார்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் இடிந்தது. யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். யாரோ "ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிடுவாங்க, சீக்கிரம் போங்க!" என்றார்கள். தினகர் சிரிக்கவில்லை. அவனுக்குப் பள்ளத்தாக்கு சும்மா கிடைத்துவிட்டது, பிரியாணிகூடச் செலவில்லை. ஆனாலும் அவன் சிரிக்கவில்லை. அவன் பொற்கொடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை வாதத்தில் மூன்று வருடமாகப் பார்க்கிறவன். தோற்கப் போகும்போது அவள் குரல் உயரும் என்று அவனுக்குத் தெரியும். இன்று அது உயரவில்லை.

"மேடம், அங்க என்ன இருக்கு?" என்றான். இந்த முறை கேலி இல்லை.

"நீ போயிருக்கியா?"

"நான் எதுக்கு அங்க போறேன்?"

"அப்ப உனக்கு எப்படிச் சொல்றது?"

ஒருங்கிணைப்பாளர் மேஜையைத் தட்டினார். "பாரும்மா, எழுதிட்டா மாத்த முடியாது. உங்க டீமுக்கு இது கடைசி வாய்ப்பு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பின்னால ரூல் சரியில்ல, நேரம் சரியில்லன்னு என்கிட்ட வரக் கூடாது."

"நேரம் சரியில்லதான் சார். அதுக்கு வேற மனு எழுதி வச்சிருக்கேன், இது முடிஞ்சதும் தர்றேன். இப்ப இதை எழுதிக்கங்க."

அவர் எழுதினார். படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"தேர்வுக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நீங்கதான் நிரப்பணும். மத்த டீமெல்லாம் அரைப் பக்கம் தயார் பண்ணிட்டு வந்திருக்காங்க. இடம் பத்தலைன்னா பின்பக்கம் எழுதலாம்."

பொற்கொடி பேனாவை வாங்கினாள்.

பின்னால் மெஹ்ராஜ் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கம் விரிந்து கிடந்தது. அதில் ஒரு பட்ட மரம், ஒரு நாணல் புதர், நாற்பத்தொரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் என்னவோ.

அட்டவணை பொற்கொடியின் பைக்குள் இருந்தது. பன்னிரண்டு அளவுகோல், அறுபத்திமூன்று வீடியோ, சராசரி, விலகல். அதை அவள் வெளியே எடுக்கவில்லை.

காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல் எழுதினாள்.

தினகர் எட்டிப் படித்தான். படித்துவிட்டு அப்படியே நின்றான். அவன் உதடு மட்டும் மெதுவாக எதையோ எண்ண ஆரம்பித்தது.

சொந்த ஊர்.